மென் கட்டிய இரு பாலங்கள்: மூடிய கம்பியா, திறந்த கம்பியா?

சுவிஸ் பொறியாளர் கிறிஸ்டியன் மென் 1971 முதல் 1992 வரை சூரிக்கிலுள்ள ஈ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், அதற்கு முன்பே பாலங்கள் கட்டிப் பழகியவர். சிம்ப்ளான் கணவாய்ச் சாலையில் 1980இல் முடிந்த கான்டர் பாலத்தில் தளத்தைத் தாங்கும் கம்பிகளைக் கான்கிரீட் சுவருக்குள் புதைத்தார். துரு எளிதில் அண்டாது, இரு தூண்களுக்கு இடையிலான 174 மீட்டர் நடுக்கண்ணும் விறைப்பாக நிற்கும். ஆனால் உள்ளே கம்பி பழுதானால் கண்ணால் பார்க்க வழியில்லை, மாற்றுவதோ பெரும்பாடு.

கிளாஸ்டர்ஸ் அருகே 1998இல் கட்டி முடித்த சுன்னிபெர்க் பாலத்தில் கம்பிகள் வெளியே தெரிகின்றன. சோதிக்கலாம், மாற்றலாம். உண்மையான சாமர்த்தியம் பாலம் வளைந்து செல்வதில்தான்: 526 மீட்டர் தளம் இரு முனைகளிலும், வெப்பத்தில் விரிய விடும் இணைப்பிடைவெளியே இல்லாமல் பிணைக்கப்பட்டிருக்கிறது. வெயிலில் விரியும்போது தளம் பக்கவாட்டில் நகரும், தூண்களும் வளைந்து கொடுக்கும். பனியுருக்கச் சாலையில் தூவும் உப்பு கரைந்த நீர் கசிய இணைப்பே கிடையாது. கம்பீரத்தில் கான்டர் மேல். பராமரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தால் சுன்னிபெர்க்கைத்தான் கேட்பேன்.