தினம் ஒரு படம்: ஒரு வருசமாகக் கழற்றாத 24 எம்எம் லென்ஸ்

போன வருசம் ஜூன் 1 முதல் தினம் ஒரு படம் எடுத்து வருகிறேன். திருநெல்வேலி மேலப்பாளையம் பக்கம் பாளையங்கால்வாய், டீக்கடை, எதிர்வீட்டு ஆச்சி போடும் கோலம், இதைத் தாண்டி எங்கேயும் போகவில்லை. முதல் ரெண்டு மாசம் கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ். அப்புறம் கேனான் இஎஃப்-எஸ் 24 எம்எம் எஃப்/2.8 எஸ்டிஎம் லென்ஸை வாங்கி என் கேனான் 200டி கேமராவில் மாட்டினேன், அதை இன்னும் கழற்றவில்லை.

2014-ல் வந்த லென்ஸ் இது. எடை 125 கிராம், நீளம் 23 மில்லிமீட்டர்கூட இல்லை. வேலைக்குப் போகிற பையில் டிபன் பாக்ஸ் பக்கத்தில் கேமராவோடு அப்படியே உட்கார்ந்துகொள்ளும்.

ஜூம் கிடையாது, எனக்கு இதில் பிடித்ததே அதுதான். கால்வாய் மடை ஓரத்தில் ஒரு கல் கிடக்கிறது, தினமும் அதன்மேல் ஏறி நின்றுதான் எடுக்கிறேன். கிட் லென்ஸ் படங்களை வரிசையாக வைத்தால் பனைமரம் ஒரு நாள் பெரிசு, ஒரு நாள் சின்னது, கை போன போக்கில் திருகியிருக்கிறேன். இந்த லென்ஸில் எடுத்த படங்களில் பனை இடது ஓரத்தில் அதே உயரத்தில் நிற்கிறது, மாறுவது தண்ணீரும் வயலும் மட்டும்தான். கார் பருவ நெல் அறுப்பு முடிந்து தாள் காய்ந்து கிடந்தது, ஐப்பசி மழையில் மடை வாய் மூழ்கியது, அடுத்த பருவமான பிசானத்துக்கு நாற்று நட்ட மறுநாள் தண்ணீருக்குள் வானம் முழுசாகத் தெரிந்தது, பத்துப் பன்னிரண்டு நாளில் பச்சை ஏறி அந்த வானம் மறைந்தது. தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன், ஆனாலும் படங்களை அடுக்கிப் பார்த்த பிறகுதான் இது என் கண்ணில் பட்டது.

கிட்டத்தில் எடுப்பதற்கும் அருமை. சென்சாரிலிருந்து 16 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும், லென்ஸ் முகப்பிலிருந்து பார்த்தால் நாலு விரற்கடைக்குச் சற்று அதிகம். காலை ஐந்தே முக்காலுக்கு டீக்கடை டியூப்லைட் வெளிச்சத்தில், குடித்து முடித்த கிளாஸின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் நுரை வளையம், அதில் உடையாத ஒரே ஒரு குமிழ், அத்தனையும் தெளிவாக விழுந்திருக்கிறது. "என்ன தம்பி, நேத்துப் புடிச்ச கிளாஸத்தான இன்னைக்கும் புடிக்க?" என்றார் கடை அண்ணாச்சி. படத்தைக் காட்டியதும் பேசாமல் இன்னொரு டீ போட்டுக் கொடுத்தார்.

குறையும் உண்டு. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் இல்லை, அதனால் விடியற்காலையில் ஐஎஸ்ஓ-வை (ஒளியுணர்திறனை) ஏற்றிக்கொள்வேன். கேமரா ஆஃபில் இருந்தால் ஃபோகஸ் வளையத்தைச் சுற்றினாலும் ஒன்றும் நடக்காது. மழைத் தடுப்பு கிடையாது, ஆடிக் காற்றில் சாரல் அடிக்கும்போது பாலிதீன் பைதான். பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும் ஹூட் தனியாக வாங்க வேண்டும். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா கணக்கில் இது 38 எம்எம் லென்ஸ் காட்டுகிற அகலம்தான், ரத வீதியில் நின்று நெல்லையப்பர் கோவில் கோபுரம் முழுசாக வேண்டுமென்றால் நன்றாகப் பின்னால் போக வேண்டியிருக்கும்.

நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட், கல்யாணப் படம் எடுக்கும் ஒருவரிடம் 6,500 ரூபாய்க்கு. அதற்கு முன் ஒரு கடையில் காட்டிய லென்ஸ் வெளியே புதுசு மாதிரி பளபளத்தது, மொபைல் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை போல ஃபங்கஸ். நீங்களும் டார்ச் அடித்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். வாங்கியபின் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள், ஆற்றங்கரை ஈரத்துக்கு அது கண்டிப்பாக வேண்டும்.

கேனான் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு இது மாட்டவே மாட்டாது. மிரர்லெஸ்காரர்கள் அடாப்டர் போட்டு மாட்டலாம், ஆனால் இவ்வளவு மெல்லிசாக இருக்காது.