கொடிவழியை எங்கே ஏற்றுவது: ஃபேமிலிசர்ச், ஜெனி, விக்கிட்ரீ, கிராம்ப்ஸ்

எங்கள் பங்காளிகளில் ஒரு கிளை கோத்தகிரியில் இருக்கிறது, ஒரு கிளை இன்னும் இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், மூன்றாவது தென்னாப்பிரிக்காவின் டர்பனில். மூன்றுக்கும் சொந்த ஊர் முசிறிப் பக்கம் ஒன்றுதான். அண்ணன் டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கப்பல் ஏறினார், தம்பி, அதாவது என் பூட்டன், தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணியோடு இலங்கையின் கண்டிச்சீமைக்குப் போனார். இந்த மூன்று கிளையையும் எல்லாரும் பார்க்கிற மாதிரி, எல்லாரும் எழுதுகிற மாதிரி ஒரே கொடிவழியாக இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. அதற்குள் நான்கைந்து தளங்களில் கணக்குத் தொடங்கி, சிலவற்றை விட்டு, சிலவற்றுக்குத் திரும்பி வந்திருக்கிறேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், முதலில் உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

டர்பன் கிளைக்குக் காகிதம் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்ததிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் இருந்த தழும்பு வரை கப்பல் பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். மொரீஷியஸுக்குப் போனவர்களின் சந்ததிகளுக்கும் இதே மாதிரி ஒரு பிடி இருக்கிறது, மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படமே உண்டு. எங்கள் டர்பன் பெரியப்பா வீட்டில் அந்த எண்ணை எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரியும். ஊர்ப் பெயரைத்தான் அன்றைய குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவிட்டார், அதை மூன்று ஊருக்குப் பொருத்தலாம்.

இலங்கைக் கிளையின் கதை வேறு. கங்காணி ஆள் பிடித்துக் கூட்டமாக அழைத்துப் போனதில், என் பூட்டன் கடல் தாண்டியதற்கு ஒரு துண்டுத் தாள்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தில் மலையகத்தவர்கள் நாடற்றவர்களானார்கள், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். அப்படித்தான் தாத்தா தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து கோத்தகிரி சேர்ந்தார், அவர் தங்கை அங்கேயே நின்றுவிட்டார். மிஞ்சியவை தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை ஒன்று, செக்ரோலில் (தோட்டத்து ஆள் பதிவேட்டில்) இருந்த பெயர்கள் பற்றிய ஞாபகங்கள், அப்புறம் ஒரு மொய் நோட்டு.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் தளங்களைப் பார்க்க வேண்டும்.

ஃபேமிலிசர்ச் முழுக்க இலவசம். பதிவேடுகளின் படங்கள் கணக்கில்லாமல் கிடக்கின்றன, தேட மட்டுமே என்றாலும் கணக்குத் தொடங்கிவிடுங்கள். ஆனால் அங்கே இருப்பது உலகத்துக்கே ஒரே குடும்ப மரம். இறந்துபோனவரின் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். உயிரோடு இருப்பவரின் பக்கத்தைப் பொதுவாக உருவாக்கியவர் மட்டும்தான் பார்க்க முடியும், அதனால் நான் அப்பாவை ஏற்றினால் டர்பனில் இருக்கும் தம்பிக்கு அது தெரியாது, அவனும் தனியாக ஒரு தடவை ஏற்றுவான். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இதை நடத்துவது மார்மன் திருச்சபை, இறந்த முன்னோர்களுக்காகப் பதிலாள் வைத்து ஞானஸ்நானம் செய்வது அவர்கள் வழக்கம். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இது பிடிக்கவில்லை, அவர்கள் மனசைத் தள்ளிவிட்டுப் பெயர்களை ஏற்றுவது சரியில்லை என்று நினைக்கிறேன். பெரியவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஜெனியும் ஒரே உலக மரம்தான், 2012 முதல் மைஹெரிடேஜ் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. சொந்தக்காரர்களைச் சேர்த்து எழுத வைப்பதற்கு நான் பார்த்தவற்றில் இதுதான் சுலபம். மின்னஞ்சலில் அழைப்பு அனுப்பினால் போதும், உயிரோடு இருப்பவர்களையும் குடும்பத்துக்குள் பார்த்துக்கொள்ளலாம். ஒருவருக்கே பல மொழிகளில் பெயர் கொடுக்கலாம் என்பது எங்களுக்குப் பெரிய உதவி, டர்பன் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஹட்டன் அத்தைக்கு ஆங்கிலம் வராது. குறை என்னவென்றால், சில முக்கியமான வேலைகளுக்குக் காசு கட்ட வேண்டும்.

பொது மரம் எதுவானாலும் நம் ஆட்களுக்கு ஒரு தனி ஆபத்து இருக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம், குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னெழுத்து. கருப்பையா மகன் முத்துசாமி, அவர் மகன் கருப்பையா, அவர் மகன் முத்துசாமி என்று போகும் வரிசையைப் பார்த்து, முகம் தெரியாத ஒருவர் ஒரு பொது மரத்தில் (எது என்பது வேண்டாம்) என் பூட்டனையும் அவர் பேரனையும் ஒரே ஆளாக்கிவிட்டார். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் அன்றிலிருந்து என் தாத்தா தனக்குத்தானே தாத்தாவாக நின்றார், பிரித்தெடுக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

விக்கிட்ரீ இந்த விஷயத்தில் கண்டிப்பானது. 2008 முதல் இருக்கிறது, இலவசம், உள்ளே வருகிறவர்கள் ஒரு நடத்தை உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும், எழுதும் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்டச் சொல்வார்கள். டர்பன் கிளைக்குக் கப்பல் பட்டியல் எண்ணே ஆதாரம், அதனால் அது அங்கே அழகாக உட்கார்ந்துவிட்டது. இலங்கைக் கிளைக்கு அங்கே மூச்சுத் திணறும். பிறப்பிலேயே வந்த குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும், அதை வைத்துத்தான் அந்தப் பக்கத்தின் அடையாள எண் உருவாகிறது. நமக்கு அந்தப் பெயரே கிடையாது. தகப்பன் பெயரைப் போட்டால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு குடும்பப் பெயர் ஆகிவிடும், தெரியாது என்று போட்டால் நம் பாட்டிமார் அத்தனை பேரும் பெயர் தெரியாதவர்கள் கூட்டத்தில் போய் நிற்பார்கள்.

மைஹெரிடேஜ், ஆன்செஸ்ட்ரி இரண்டும் முக்கியமாகச் சந்தா வியாபாரம். மைஹெரிடேஜில் இலவசக் கணக்குக்கு 250 பேர்தான், ஒரு கல்யாணப் பத்திரிகையை வைத்து எழுத ஆரம்பித்தாலே பாதி போய்விடும். டிஎன்ஏ சோதனைக்காக இவற்றுக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அக்கா மகளைக் கட்டுவது, மாமன் மகளைக் கட்டுவது தலைமுறை தலைமுறையாக நடந்த குடும்பங்களில் தூரத்துச் சொந்தம்கூட நெருங்கிய சொந்தமாகக் கணக்குக் காட்டும்.

கடைசியில் நான் வந்து நின்றது கிராம்ப்ஸில். 2001 முதல் வருகிற திறமூல மென்பொருள், நம் கணினியிலேயே இருக்கும், காசு கிடையாது. பார்க்க அழகாக இருக்காது, முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பெயரின் பின்பகுதி தகப்பன் பெயரா, ஊர்ப் பெயரா, பரம்பரைப் பெயரா என்று குறிக்க அதில் இடம் இருக்கிறது. ஊர்களையும் காலத்தோடு எழுதலாம், இந்த வருடம் வரை இந்த ஜில்லா, பிறகு இந்த மாவட்டம் என்று. சிலோன் இலங்கையானதையும், தோட்டத்துக்குள் டிவிஷன், அதற்குள் லயம் (வரிசை வீடுகள்) என்பதையும் அடுக்கி வைக்க முடிந்தது. ஒரே தம்பதி இரண்டு வழியில் பாட்டன் பாட்டியாக வந்தாலும் குழம்புவதில்லை. எல்லாரும் சேர்ந்து எழுத கிராம்ப்ஸ் வெப் என்று ஒன்று உண்டு, அதற்கு ஒரு சர்வர் வேண்டும், வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை ஒன்றும் வேண்டும். யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று தனித்தனியாக அனுமதி கொடுத்துக்கொள்ளலாம்.

முக்கியமாக, யார் சொன்னது என்பதை ஒவ்வொரு தகவலோடும் இதில் கட்டி வைக்கிறேன். ஆங்கிலத் தளங்களில் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாம் அங்கிள், அண்ணனும் மச்சானும் கசின். முறை தெரியாத கொடிவழி நமக்கு எதற்கு? அத்தை வாயால் சொன்ன முறையை அப்படியே குறிப்பில் எழுதி, தேதியும் போட்டுவிடுகிறேன்.

அந்த மொய் நோட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தாத்தா கல்யாணத்துக்கு எழுதியது, நீள நோட்டு, ஓரம் செல்லரித்திருக்கிறது. ஊர், பெயர், தொகை என்று வரி வரியாக. தோட்டப் பெயர்களுக்கு நடுவே நாலு வரி மட்டும் முசிறிப் பக்கத்து ஓர் ஊரின் பெயரோடு இருந்தது, அது டர்பன் குமாஸ்தா எழுதிய பெயருக்குப் பொருந்தும் மூன்று ஊர்களில் ஒன்று. குலதெய்வம் கோயிலும் அங்கேதான். எந்தத் தளமும் இதைத் தேடிக் கொடுத்திருக்காது.

இப்போது மூலப்பிரதி கிராம்ப்ஸில், குடும்பத்துக்குள் எழுத கிராம்ப்ஸ் வெப், காகிதம் உள்ள டர்பன் முன்னோர்கள் மட்டும் விக்கிட்ரீயில், தேடுவதற்கு ஃபேமிலிசர்ச். வீட்டில் சர்வர் பார்க்க ஆள் இல்லையென்றால் ஜெனிக்குப் போங்கள், தப்பில்லை, ஆனால் கொடிவழித் தளங்களுக்குப் பொதுவான ஜெட்காம் கோப்பாக அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இறக்கியதும் நோட்பேடில் திறந்து தமிழ் எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா, கேள்விக்குறிகளாக மாறிவிட்டனவா என்று பார்த்துவிடுங்கள்.

போன வாரம் அத்தை, “டேய் தம்பி, நீ எழுதியிருக்கிறது தப்புடா, அவங்க ரெண்டாந்தாரம்” என்று சொல்லி இரண்டு பெயர்கள் கொடுத்தார். ஹட்டனில் நல்ல மழை, லைன் விட்டு விட்டு வந்ததில் ஒரு பெயர் சரியாகக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிட வேண்டும்.