நாட் பிஃபோரை எவ்வளவு பின்னால் தள்ளலாம்? வால்ட் பிகேஐ, நீண்டகால அனுபவம்

பெங்களூர் பீனியா தொழிற்பேட்டையில் கேட்வே பெட்டிகளைப் (நெட்வொர்க்குகளை இணைக்கும் சிறு கணினிகள்) பார்த்துக்கொள்ளும் நண்பரின் கேள்விதான் தலைப்பு. டிஜிட்டல் சான்றிதழ் செல்லத் தொடங்கும் நேரம்தான் நாட் பிஃபோர்; அந்தச் சான்றிதழ்களை வழங்கும் மென்பொருள் வால்ட் பிகேஐ. "ஒரு மணி நேரம் வைங்க" என்று சொல்லிவிடலாம். ஆனால் அதில்தான் வினை.

தொடக்க நேரத்தைப் பின்னால் தள்ளுவதில், அதாவது பின்தேதியிடுவதில், தப்பே இல்லை. சான்றிதழ் கொடுக்கும் சர்வரைவிடப் பெட்டியின் கடிகாரம் 40 நொடி பின்தங்கியிருந்தால் போதும், சுடச்சுட வந்த சான்றிதழை ‘இன்னும் செல்லாது’ என்று திருப்பிவிடும். சான்றிதழைச் சரிபார்க்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இது பிழை எண் 9. அதனால்தான் வால்ட் இயல்பாகவே 30 நொடி, ஸ்டெப்-சிஏ (சிஏ என்றால் சான்றிதழ் வழங்கும் அமைப்பு) 1 நிமிடம், விண்டோஸ் சிஏ 10 நிமிடம், லெட்ஸ் என்க்ரிப்ட் 1 மணி நேரம் பின்தேதியிடுகின்றன. வால்ட்டில் ரோலுக்கு ரோல் (ரோல் என்பது ஒருவகைச் சான்றிதழுக்கான விதித்தொகுப்பு) மாற்றிக்கொள்ளலாம், அருமையான வசதி. (ஆடிட்டரிடம் மட்டும் ‘பேக்டேட்’ என்று வாய்விட்டால் வோசைன் என்ற சிஏ விதியை ஏய்க்கப் பின்தேதியிட்டு மாட்டிய 2016 விவகாரம் வரை விளக்க வேண்டியிருக்கும்.)

எரிச்சல், சான்றிதழ்களைத் தானாகப் புதுப்பிக்கும் செர்ட்-மேனேஜரோடு சேரும்போது. வால்ட் தொடக்கத்தை மட்டும்தான் பின்னால் நகர்த்தும். முடிவு நேரம் இப்போதிலிருந்து டிடிஎல் (நாம் கேட்கும் ஆயுள்) கணக்கு. செர்ட்-மேனேஜரோ தொடக்கத்திலிருந்து முடிவு வரை மொத்த ஆயுளை அளந்து, மூன்றில் இரண்டு பங்கு கழிந்ததும் புதுப்பிக்கும். டிடிஎல் 1 மணி, பின்தேதி 1 மணி என்றால் ஆயுள் 2 மணி; புதுப்பிப்பு 80-ஆவது நிமிடம். அதில் 60 நிமிடம் பிறக்கும் முன்பே போய்விட்டது, மிச்சம் 20. பின்தேதியை 2 மணி ஆக்கினால் கையில் வந்த கணமே புதுப்பிக்கும் நேரமும் வந்திருக்கும். செர்ட்-மேனேஜர் புதிது கேட்டுக் கேட்டு வால்ட்டை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். லாக்கில் பிழை எதுவும் இருக்காது, எல்லாமே ‘வெற்றி’. செர்ட்-மேனேஜரின் ரெனியூபிஃபோர் அமைப்பில் 20 நிமிடம் என்று கையால் எழுதினால் அடங்கும். அது முடிவிலிருந்து எண்ணுவது.

இன்டர்மீடியட்டை (மற்றச் சான்றிதழ்களில் கையொப்பமிடும் இடைநிலைச் சான்றிதழ்) மாற்றிய அன்று இன்னொரு சிக்கல். லீஃபை (பெட்டிக்குத் தரும் கடைசிச் சான்றிதழ்) மட்டும் பின்தேதியிட்டுப் பயனில்லை. பின்தங்கிய பெட்டிக்கு இன்டர்மீடியட்டும் நாளையதுதான். அதற்கும் அதே அளவு தள்ளிக் கையொப்பமிடுங்கள், அல்லது முந்தின நாளே தயார் செய்துவிடுங்கள்.

5:30 மணி பின்தங்கல் தெரிந்தால் அது டிரிஃப்ட் (கடிகாரம் மெல்ல விலகுவது) அல்ல. லினக்ஸ் யூடிசியில் (உலகப் பொது நேரம்) எழுதிய ஆர்டிசியை (பெட்டிக்குள் இருக்கும் பேட்டரிக் கடிகாரம்) விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யூனிவர்சல் மதிப்பை 1 ஆக்குங்கள். பெட்டி 1970-இல் விழித்தால் எந்தப் பின்தேதியும் எட்டாது, எஸ்.பி. ரோட்டில் ஒரு சிஆர்2032 பேட்டரி வாங்குங்கள், நேரத்தைச் சரிசெய்யும் குரோனியில் ‘makestep 1 3’ போடுங்கள்.

இவ்வளவு புகழ்ந்தும் என் பதில்: பின்தேதியை 30 நொடியிலேயே விடுங்கள், கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். ரோலைத் தொடும் முன் பெட்டியில் யூடிசி நேரத்தைக் காட்டும் ‘date -u’ அடித்து, வருவதை எனக்கு அனுப்புங்கள்.