உடைந்த ஸ்கர்ட்டிங் டைல்ஸ்: எபாக்ஸி வைப்பதா, மாற்றுவதா?

சுவரில் மாட்டிய கனமான படம் ஆணியோடு விழுந்தால் அடி வாங்குவது சுவரின் அடியில் 4 அங்குல உயரத்துக்கு ஓடும் ஸ்கர்ட்டிங் டைல்ஸ்தான். ஓரத்தில் சில்லு மட்டும் பெயர்ந்திருந்தால் எபாக்ஸியே (இரண்டு பாகங்களைக் கலந்தால் இறுகும் பசை) போதும், தூசியைத் துடைத்து, நிறம் பார்த்துக் கலந்து நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு உப்புத்தாளால் தேய்த்துவிடலாம், ஆள் கூப்பிட வேண்டாம்.

தட்டிப் பார்க்கும்போது வெற்றுச் சத்தம் வந்தால் பின்னால் சிமெண்ட் விட்டுப்போயிருக்கும். அப்போது மாற்றத்தான் வேண்டும். இணைப்பைக் கட்டரில் அறுக்காமல் உளியை வைத்தால் பக்கத்து டைல்ஸும் விரிசல் விடும், அதே டிசைன் கிடைத்தாலும் வேறு பேட்ச் (வேறு தடவை தயாரித்தது) என்றால் நிறம் ஒத்துப்போகாது, அப்புறம் மேலே பட்டி, பெயிண்ட் வேறு. சின்னச் சில்லுக்கெல்லாம் இந்த வேலையை இழுத்துக்கொள்ளாதீர்கள். வீடு கட்டும்போது மிஞ்சும் டைல்ஸில் நான்கையாவது எடுத்து வையுங்கள்.