மஹிந்திரா இ2ஓ பிளஸ்: குமரி மாவட்டத்தில் பழையதாக வாங்கலாமா?

"பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, வீட்டிலேயே நின்ன வண்டி" என்பார் விற்பவர். பெட்ரோல் காரென்றால் இந்தப் பேச்சுக்கே பத்தாயிரம் கூடக் கொடுக்கலாம். இ2ஓ பிளஸ் போன்ற மின்சாரக் கார் என்றால் அங்கேயே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீட்டுப் போர்ட்டிகோவில் வருடக்கணக்கில் மூடிக் கிடந்த கார் நம் மாவட்டத்தில் அபூர்வமில்லை. வண்டி நின்றாலும் அதன் பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். சார்ஜ் போடாமல் ஆறு மாதம் விட்டால் பேட்டரிக்குள் இருக்கும் செல்கள் தாங்கும் எல்லைக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். அப்படி ஒருமுறை காய்ந்த லித்தியம் செல் பழைய நிலைக்குத் திரும்பாது. தினமும் ஓடிச் சார்ஜ் ஏறிய 60,000 கி.மீ. வண்டியின் பேட்டரி இதைவிட நன்றாக இருக்கக்கூடும்.

இ2ஓ பிளஸ் 2016 அக்டோபரில் வந்தது, 2019இல் தயாரிப்பு நின்றது. எதை எடுத்தாலும் பேட்டரி வாரண்டி கிடையாது. பி4, பி6 ரகங்களில் இருப்பது 48 வோல்ட், 210 ஆம்பியர்-மணி, அதாவது சுமார் 10 யூனிட் பிடிக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 19 கிலோவாட் மோட்டார். நிறுவனம் சொன்ன ஓட்டம் 110 கி.மீ. பி8 மட்டும் 72 வோல்ட், 30 கிலோவாட், 140 கி.மீ. இரண்டு கதவு கொண்ட 2013 இ2ஓ-வும் சந்தைக்கு வரும். அதன் முதல் வண்டிகளில் பவர் ஸ்டியரிங் இல்லை என்பதால் நாகர்கோவில் மீனாட்சிபுரம் நெரிசலில் தோள் வலிக்கும். கிடைத்தால் பி8 எடுங்கள். குலசேகரம், திருவட்டார் பக்கத்து ஏற்ற இறக்கங்களில் நாலு பேரோடு ஓட்ட 19 கிலோவாட் திணறும்.

பேட்டரியைச் சோதிக்காமல் விலை பேசக் கூடாது. டிஸ்பிளேயில் காட்டும் சதவீதத்தை நம்ப வேண்டாம். இந்த வகை செல்லின் வோல்டேஜ் 90 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும், ஆகையால் மிச்சத்தைக் கணிப்பது வண்டிக்கே சிரமம். உண்மை சொல்வது வீட்டு மின்மீட்டர்தான். செய்முறை இது: முழுச் சார்ஜோடு ஏசி போட்டு 45-50 வேகத்தில் ஓட்டுங்கள். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்ப சுமார் 40 கி.மீ.; அது போதாவிட்டால் ஊருக்குள் சுற்றி 20 சதவீதம் வரை இறக்குங்கள். பிறகு வீட்டில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைக் குறித்துக்கொண்டு சார்ஜ் போடுங்கள். நல்ல 48 வோல்ட் பேட்டரி 20இலிருந்து 100க்கு ஏற, சார்ஜர் இழப்பும் சேர்த்து 9 யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடவே இழுக்கும். 6 யூனிட்டிலேயே "ஃபுல்" காட்டினால் மூன்றில் ஒரு பங்கு பேட்டரி போயிற்று என்று அர்த்தம். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே பதில்.

இன்னொன்றையும் பாருங்கள். 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது ஒரு ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். 28 காட்டியது சட்டென்று 15க்கு விழுந்தாலோ, இழுவை செத்துப்போனாலோ, வரிசையில் ஒரு செல் பலவீனம். 48 வோல்ட் வண்டியில் தொடராகக் கோத்த செல்களில் ஒன்று சோர்ந்தால் மற்றவற்றில் சார்ஜ் இருந்தும் பயனில்லை. செல்லுக்குச் செல் வோல்டேஜ் அளக்கத் தெரிந்தவர் கூட வந்தால் இன்னும் நல்லது. மிதிக்கும்போது மற்றவை 3.1இல் நிற்க, ஒன்று மட்டும் 2.8க்குச் சரிந்தால் அதுதான் ஆள்.

அடுத்தது உப்புக்காற்று. 19 கிலோவாட்டை 48 வோல்ட்டில் இழுத்தால் கேபிளில் 400 ஆம்பியர் வரை ஓடும். புதிய மின்கார்களின் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட பேட்டரியில் ஆம்பியர் குறைவு என்பதால் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் கடலோரத்தில் நின்ற வண்டியில் கேபிள் முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். களிம்பு ஏறிய இணைப்பில் மின்தடை கூடும், சூடேறும், சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகிப் பழுப்பாகும். அரை மணி ஓட்டிவிட்டு அணைத்து, மோட்டார் கன்ட்ரோலர் பக்கம் கருகல் வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். கேபிளைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்ப வேண்டாம்; கடத்தும் முனையில் மோதிரமோ ஸ்பேனரோ பட்டால் உருகிவிடும்.

வெளிப்பேனல்கள் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. அதனாலேயே இந்தக் கார் ஏமாற்றும். உள்ளே இருப்பது இரும்புக் குழாய்ச் சட்டம். மேலே பளபளவென்று இருக்க, கீழே சட்டத்தின் வெல்டிங் ஓரங்களிலும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களிலும் துரு செதிள் செதிளாக உரியும். லிப்டில் ஏற்றி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பேட்டரி முன் சீட்டுகளுக்கு அடியில் இருப்பதால் கார்பெட்டைத் தூக்கி வண்டல் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் மாவட்டத்தில் எத்தனை வீட்டு முற்றங்களில் தண்ணீர் நின்றது என்று சொல்லத் தேவையில்லை.

பிரேக், டயர், புஷ் எல்லாம் வழக்கமான சோதனைதான். வேகம் குறைக்கும்போது மோட்டாரே பிடித்துக்கொள்வதால் பிரேக் பேட் தேய்மானம் குறைவு. ஆனால் அதிகம் உபயோகிக்காத காலிப்பர், அதாவது பேடை அழுத்தும் பிடி, நம் ஈரத்தில் இறுகிக்கொள்ளும்.

எதிர்பார்க்க வேண்டிய ஓட்டம்? நல்ல நிலையில் உள்ள 48 வோல்ட் வண்டிக்கு ஏசியோடு 60-70 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில்-மார்த்தாண்டம் போய் வர சுமார் 60, அது விளிம்பு. திருவனந்தபுரம் ஒரு வழியே 60-ஐத் தாண்டும்; வழியில் சார்ஜ் போட இடம் உறுதி என்றால் மட்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் தினமும் போகிறவர் ஆடிக்காற்றைக் கணக்கில் சேர்க்கவும். முப்பந்தலில் காற்றாலை வைத்திருப்பது சும்மா இல்லை, எதிர்காற்றில் இந்த உயரமான குட்டிக் கார் பத்து கிலோமீட்டரை இழந்துவிடும். நெடுஞ்சாலையில் நிற்கும் சிசிஎஸ்-2 வேகச் சார்ஜரின் (புதிய மின்கார்களுக்கான பிளக் வகை) துப்பாக்கி வடிவ முனை இதில் பொருந்தாது. பெரும்பாலும் 15 ஆம்பியர் மூன்று பின் பிளக்தான் வழி. சார்ஜர் அடிக்கடி நின்றால் வண்டியைத் திட்டுமுன் எர்த்தைப் பாருங்கள். கடற்கரை மணலில் கோடையில் எர்த் குழி காய்ந்து பயனற்றுப் போகும்.

செலவில் ஒன்று: முழுச் சார்ஜுக்கு 12 யூனிட் வரை. வீட்டு இணைப்பில் இவை இரண்டு மாதக் கணக்கின் மேல் ஸ்லாபில் போய்ச் சேரும். மாதம் பதினைந்து சார்ஜ் என்றால் இரண்டு மாத பில்லில் 360 யூனிட் கூடும். அப்படியும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் லாபம்தான்.

கேரளப் பதிவு வண்டி என்றால் படிவம் 28 தடையின்மைச் சான்று கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பச்சைப் பலகையில் எழுத்து மஞ்சளாக இருந்தால் வாடகை வண்டி. சொந்த உபயோகத்துக்கு மாற்றுவது தனி வேலை. கடைசியாக, வண்டியோடு வந்த சார்ஜிங் கேபிளைக் கேட்டு வாங்கி, அதே கேபிளில் கண்முன்னே பத்து நிமிடம் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். "அது வீட்டில் எங்கேயோ கிடக்கும், அப்புறம் தரேன்" என்றால், கேபிள் கிடைத்த பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.