டவர் ஃபுல்லா இருக்கு, நெட்தான் வரல

இந்த முறை ஆடிப்பெருக்கையொட்டி ஊரில் 25 நாள் இருந்தேன். அதில் விடுப்பு 12 நாள்தான். மீதி நாள்களில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகச் சொல்லித்தான் மேனேஜரிடம் சம்மதம் வாங்கியிருந்தேன். "உங்க ஊர்ல நெட் இருக்குமா?" என்று அவர் கேட்டபோது, "சார், இந்தியாவில் டீக்கடைக்காரரே க்யூஆர் கோடு வைத்திருக்கிறார்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். அந்தப் பெருமை, தருமபுரி மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு முன்னால் வரும் பென்னாகரம் தாண்டும்வரை தாங்கியது.

நான் சிங்கப்பூரில் கட்டடங்களுக்கு நெட்வொர்க் கேபிள் இழுக்கும் கம்பெனியில் 11 வருடமாக இருக்கிறேன். ஒயருக்குள் போவது தெரியும். காற்றில் போவதைப் பற்றிப் பாதி வேலைக்காகப் படித்தது, மீதி இந்த 25 நாளில் கோபத்தில் படித்தது.

பெங்களூர் விமான நிலையத்தில் இறங்கி ஓசூர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் என்று தேசிய நெடுஞ்சாலையில் வரும்வரை போனில் 5ஜி பறந்தது. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நின்றபடி ஒரு வரைபடக் கோப்பை அனுப்பினேன், டீ ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. பென்னாகரத்துக்கு அப்புறம் 4ஜி. எங்கள் ஊர் ஒகேனக்கல் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சுற்றிலும் கரடும் புளியமரமுமாக இருக்கும். வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் சிக்னலில் நாலு கோடும் நிரம்பி நின்றது. சரி, பிழைத்தோம் என்று நினைத்தேன்.

ராத்திரி எட்டு மணிக்கு முதல் மீட்டிங். என் முகம் உறைந்து, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததாம். வேகம் அளந்து பார்த்தேன்: 0.7 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 0.7 மெகாபிட். பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள இறக்க வேகம் குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசே வரையறையை மாற்றியது. அதற்கு முன் 512 கேபிபிஎஸ், அதாவது சுமார் அரை எம்பிபிஎஸ். என் வீட்டு நெட் பழைய வரையறைக்குத் தேறியது, புதியதில் ஃபெயில்.

அண்ணன் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். "சித்தப்பா, டவர் ஃபுல்லாத்தான் இருக்கும். ஏழு மணிக்கு மேல நெட் சுத்திக்கிட்டே இருக்கும். நான் காலைல அஞ்சு மணிக்கே வீடியோ எல்லாம் டவுன்லோட் பண்ணி வச்சிக்குவேன்" என்றாள். அந்தக் குழந்தைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

198-க்கு அடித்துப் புகார் கொடுத்தேன். போனை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார்கள். செய்தேன். சிம்மைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள். அதையும் செய்தேன். மறுநாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. அது வந்து சேர்ந்ததே சேவை நன்றாக இருப்பதற்குச் சாட்சி என்று நினைத்திருப்பார்கள் போல. கம்பெனி பெயர் வேண்டாம். பக்கத்து வீட்டில் வேறு கம்பெனி சிம், அங்கேயும் இதே கதைதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வெறுத்துப்போய் மொட்டை மாடிக்குப் போனேன். அங்கே வெறும் இரண்டு கோடுதான் காட்டியது. ஆனால் வாட்ஸ்அப்பில் காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்த கல்யாண வீடியோக்கள் பொலபொலவென்று இறங்கின. அளந்தேன்: 18 எம்பிபிஎஸ். கீழே போனேன்: நாலு கோடு, ஒரு எம்பிபிஎஸ்கூட இல்லை. மேலே வந்தேன்: இரண்டு கோடு, 17. மாடிப்படியில் நான் ஏறி இறங்குவதைப் பார்த்த அம்மா, "என்னா கண்ணு, எதையாச்சும் தொலைச்சிட்டியா?" என்று கேட்டார்.

போன் எந்த டவரைப் பிடித்திருக்கிறது, எந்த அலைவரிசையில் என்று காட்டும் இலவச ஆப்கள் இருக்கின்றன. ஒன்றைப் போட்டுப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. வீட்டுக்குள் போன் பிடித்திருந்தது 850 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அகலம் (டேட்டா ஓடும் தடத்தின் அகலம்) 5 மெகாஹெர்ட்ஸ், பலம் மைனஸ் 84 டிபிஎம். மாடியில் பிடித்தது 2300 மெகாஹெர்ட்ஸ், அகலம் 20, பலம் மைனஸ் 108. டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு. மைனஸ் எண் கூடினால் பலம் குறைவு, ஒவ்வொரு 10-க்கும் பத்து மடங்கு வித்தியாசம். அப்படியென்றால் மாடியில் கிடைத்த சிக்னல் வீட்டுக்குள் கிடைத்ததைவிடச் சுமார் 250 மடங்கு பலவீனம். ஆனாலும் அதுதான் ஓடுகிறது!

குறைந்த அலைவரிசை தொலைதூரம் போகும், சுவரையும் மரத்தையும் ஓரளவு தாண்டி உள்ளே வரும். அதனால்தான் 850 வீட்டுக்குள் கோடுகளை நிரப்புகிறது. உயர் அலைவரிசை சுவரில் முட்டி வலுவிழந்துவிடும், ஆனால் அங்கே அகலமான இடம் கிடைக்கும். போனில் தெரியும் கோடு, டவர் சொல்வது நம் காதில் எவ்வளவு சத்தமாக விழுகிறது என்பதை மட்டும் காட்டுகிறது. எவ்வளவு சரக்கு வரும் என்பதற்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. 1948-இல் பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாட் ஷானன் இதற்குக் கணக்கே போட்டுவிட்டார். ஒரு தடத்தில் போகக்கூடிய தகவலின் உச்சவரம்பு அகலத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். அகலம் பாதியானால் வரம்பும் பாதி. ஆனால் சிக்னல் பலம் அதில் மடக்கையாகத்தான் வரும். ஓரளவு தெளிவாகக் கேட்கும்வரை, பலம் பாதியானாலும் வேகம் கொஞ்சமாகத்தான் குறையும். 5ஜி-யின் பெருமையிலும் பெரும்பங்கு இதுதான். 4ஜி-யில் ஒரு தடம் அதிகபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். இந்திய நகரங்களில் ஓடும் 3.3 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து 5ஜி-யில் ஒரே தடம் 100 வரை போகலாம்.

சரி, அகலம் நாலில் ஒன்றானால் வேகமும் நாலில் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? 0.7 ஏன்? அதற்குப் பதில் அப்பாவிடம் கிடைத்தது. அவருக்கு நான் விளக்கப் போய், அவர் எனக்கு விளக்கியதாக முடிந்தது.

எங்களுடையது கூட்டுக் கிணறு, நாலு பங்காளிகளுக்கு. மோட்டார் ஒன்று, முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். டவரும் அப்படித்தான் அப்பா என்றேன். 4ஜி-யில் டவர் ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும், அதாவது ஒரு விநாடியில் ஆயிரம் தடவை, யாருக்கு எவ்வளவு இடம் என்று பிரித்துக் கொடுக்கிறது. காலை அஞ்சு மணிக்கு என் அண்ணன் மகள் மட்டும் என்றால் கிணறு முழுக்க அவளுக்கு. ராத்திரி எட்டு மணிக்கு மூன்று ஊர் ஜனமும் ஒரே கிணற்றில்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்போ கடைசிக் காட்டுக்காரன் பாடு?" என்றார். எங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் தக்காளிக் காடு ஒரு மணி நேரத்தில் நனைந்துவிடும். கடைசியில் இருக்கும் சித்தப்பா காட்டுக்கு வாய்க்காலிலேயே பாதித் தண்ணி உறிஞ்சிவிடும், அதே அளவு நிலம் நனைய மூன்று மணி நேரம். "அவன் முறைல மத்தவனெல்லாம் காத்துக் கெடக்கணும் இல்ல?"

நான் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட இடம் அதுதான். டவருக்குப் பக்கத்தில் தெளிவாகக் கேட்கும் போனுக்கு ஒரு துடிப்பில் 6 பிட், சில சமயம் 8 பிட்கூட ஏற்றி அனுப்பலாம். எல்லையில் கரகரவென்று கேட்கும் போனுக்கு 2 பிட்தான், அதிலும் பாதிக்கு மேல் பிழை திருத்தத்துக்குப் போய்விடும். ஒரே வீடியோவைப் பார்க்க அவருக்குப் பல மடங்கு நேரம் ஒதுக்க வேண்டும். கரட்டுக்கு அந்தப்பக்கம் இருப்பவர் சீரியல் பார்த்தால் டவருக்குக் கீழேயே குடியிருப்பவருக்கும் சுற்றும்.

இன்னொரு காரணமும் இருந்தது. ஊர்க்கோடியில் இருக்கும் டவரில் வேலை பார்க்க வந்த பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். டவர் உச்சியில் மேளம் மாதிரி வெள்ளையாக ஒன்று பென்னாகரம் பக்கம் பார்த்து மாட்டியிருந்தது. அதைக் காட்டினான். "ஃபைபர் பென்னாகரத்தோட சரிங்கண்ணா. இங்கே மைக்ரோவேவ்தான், ஒயர் இல்லாம காத்துல போறது. மூணு ஊர் டேட்டாவும் இந்த மேளத்து வழியாத்தான் போகணும். ஃபைபர் போட்டாலும் ரோடு அகலப்படுத்தறப்ப ஜேசிபி இழுத்துட்டுப் போயிடுதுங்க." என் மாடியில் கிடைப்பது பென்னாகரத்துப் பக்கத்து டவர், அதற்கு ஃபைபர் இருக்கிறது என்றும் அவன்தான் சொன்னான். சிக்னல் போனுக்கும் டவருக்கும் நடுவே உள்ள கதை. டவருக்குப் பின்னால் குழாய் ஒல்லியாக இருந்தால் போன் அதைக் காட்டாது. புகார் எடுத்தவருக்கும் அது தெரிந்திருக்காது, பாவம்.

ரீசார்ஜ் பற்றியும் ஒரு வார்த்தை. மாதம் என்று பெயர், கொடுப்பது 28 நாள். வருடத்துக்கு 13 மாதம் ஆகிறது. இதைக் கேட்டு அலுத்துப்போய்த்தான் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. ஒன்று வைத்திருக்கிறார்கள், கடைக்காரர் அதைத் தானாகச் சொல்ல மாட்டார். தினசரி டேட்டா தீர்ந்தால் 64 கேபிபிஎஸ். ஒரு எம்பி படம் இறங்க இரண்டு நிமிடம் ஆகும். ஒரு நாள் மீட்டிங் நடுவில் எனக்கு அது நடந்தது. மேனேஜர் ஏதோ கேட்டார், நான் பதில் சொன்னபோது அவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தார்கள்.

சிங்கப்பூர் சிம்மை ரோமிங்கில் போட்டும் பார்த்தேன். அதில் ஒரு வேடிக்கை உண்டு. ரோமிங்கில் நம் டேட்டா பெரும்பாலும் சொந்த நாட்டு நெட்வொர்க்குக்குப் போய், அங்கிருந்துதான் இணையத்துக்குள் இறங்கும். தருமபுரி கலெக்டர் அலுவலகப் பக்கத்தைத் திறக்க என் கோரிக்கை சிங்கப்பூர் போய்த் திரும்பி வந்தது. நான் வந்து போவது போலவே.

ஆடி 18 அன்று ஒகேனக்கல். பஸ்ஸில் நிற்க இடமில்லை. பரிசல், எண்ணெய்க் குளியல் எல்லாம் இருக்கட்டும், மீன் வறுவலுக்கு வருகிறேன். ஒரு அக்கா கடையில் சாப்பிட்டுவிட்டு க்யூஆர் கோடைக் காட்டினேன். சுற்றியது. கோடு முழுசாக இருக்கிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் பெட்டியும் மௌனம். அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு சிம்தானே இருக்கிறது, அதுவும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

இந்த இடத்தில் முறை வைப்பதே நடக்கவில்லை. டேட்டா வேண்டும் என்றால் போன் முதலில் டவரிடம் கை தூக்க வேண்டும். 4ஜி-யில் ஒரு செல்லில், அதாவது டவரின் ஒரு ஆன்டெனா பார்த்துக்கொள்ளும் பரப்பில், அப்படிக் கை தூக்க 64 வகைக் குரல்கள்தான். போன் அதில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துக் கூப்பிடும். ஒரே நேரத்தில் இரண்டு போன் ஒரே குரலை எடுத்தால் மோதல், இருவரும் கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் ஒரே படித்துறையில் நின்று செல்ஃபி அனுப்பினால் கூப்பிடுவதிலேயே நேரம் போய்விடும். நடுவில் என் போன் அக்கரை டவரை எட்டிப் பிடிக்க, கர்நாடகத்துக்கு உங்களை வரவேற்கிறோம் என்று செய்தி வந்தது. இக்கரையில் மீன் முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"பரவால்ல தம்பி, மேல பஸ் ஸ்டாண்டுகிட்டப் போய் அனுப்பிவிடு" என்றார் அந்த அக்கா. பெயரும் கேட்கவில்லை, நம்பரும் கேட்கவில்லை. க்யூஆரைப் படம் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி, ஊருக்குப் பாதி தூரம் வந்த பிறகு 180 ரூபாய் போனது. இந்த மாதிரி நம்பிக்கையை நான் வேலை செய்யும் ஊரில் பார்த்ததில்லை.

கடைசி வாரம் தருமபுரியில் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு 4ஜி ரவுட்டர் வாங்கி, மாடிப்படி அறையின் மேல் பென்னாகரம் பக்கம் பார்த்து வைத்தேன். அலைவரிசையை நாமே தேர்ந்தெடுத்துப் பூட்டும் வசதி அதில் உண்டு. 2300-இல் பூட்டினேன். அங்கிருந்து கேபிள் இழுத்து வீட்டுக்குள் கொண்டுவந்தேன், அது என் தொழில். ராத்திரி எட்டு மணிக்கு 14 எம்பிபிஎஸ். அண்ணன் மகள் அஞ்சு மணிக்கு எழுவதை நிறுத்திவிட்டாள். இதற்கு அண்ணி என்னைத் திட்டுகிறார்.

சிங்கப்பூர் வந்து ஒன்பதாம் நாள் அப்பா கூப்பிட்டார், சாதா போன் காலில். குரங்கு வந்து கேபிளைப் பிய்த்துவிட்டதாம். பழைய போர்வெல் ஓஸைக் கிழித்து அதற்குள் புதுக் கேபிளை விட்டு, கம்பியால் கட்டியிருக்கிறான் அண்ணன். ரவுட்டர் மேல் அம்மா ஒரு அன்னக்கூடையைக் கவிழ்த்திருக்கிறார். அலுமினியமாக இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றேன். பிளாஸ்டிக்தானாம்.