சிக் ஷாம்பு: பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு

நுரை தாராளமாக வருகிறது, எளிதில் அலசிப் போகிறது. விலைக்கு இது நியாயமான சரக்கு என்றே சொல்வேன். நீண்ட கூந்தலுக்கு ஒரு பாக்கெட் போதாது என்பது வேறு விஷயம்.

ஆனால் இந்த ஷாம்புவை அதன் விற்பனை உத்தியிலிருந்து பிரித்து மதிப்பிட முடியாது. 1983-இல் கடலூரில் சி.கே. ரங்கநாதன் தொடங்கி, பின்னர் கவின்கேர் எனப் பெயர் மாறிய நிறுவனம், சீயக்காய்க்குப் பழகிய கிராமங்களில் சிறுவர்களுக்குத் தலை அலசிக் காட்டியே வாடிக்கையாளரைச் சேர்த்தது. எந்த நிறுவனத்தின் காலி பாக்கெட்டுகளைக் கொடுத்தாலும் ஒரு சிக் இலவசம் என்று முதலில் அறிவித்துவிட்டு, மக்கள் பழகியதும் சிக் பாக்கெட்டுகள் மட்டுமே செல்லும் என்று மாற்றியதுதான் என்னைப் பொறுத்தவரை அவர்களுடைய ஆகச் சிறந்த நகர்வு. போட்டியாளரின் வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்கும் வேலையை, விளம்பரச் செலவின்றி, பெட்டிக்கடையே செய்து கொடுத்தது. மல்லிகை, ரோஜா மணங்களும் இந்த ஊர்ப் பெண்களின் ரசனையை அறிந்து சேர்க்கப்பட்டவை. ஐம்பது காசுக்கும் ஷாம்பு விற்கலாம் என்று காட்டிய பிறகு, பெரிய பன்னாட்டு நிறுவனங்களும் சிறிய பாக்கெட்டைப் புறக்கணிக்க முடியவில்லை.

குறை ஒன்று உண்டு: கிழித்தெறியும் உறைகள் சாக்கடையில் சேர்கின்றன, அவற்றைத் திரும்பப் பெறும் திட்டம்தான் இன்று மீண்டும் தேவை.